மூலையில் உட்கார்ந்த காக்கை

அத்தியாயம் ஏழு

"ஆவின்னா நடுராத்திரியிலதானே வரணும்? இது என்ன, சாயங்காலம் காபி நேரத்துக்கு வருது?" என்றான் ரூபன் கசாரெஸ்.

"செத்தவர் ரிட்டயர் ஆன மனுஷன். சீக்கிரம் வந்துட்டு சீக்கிரம் படுக்கப் போறாரோ என்னவோ" என்றார் ஹாரியட் ப்ளூம்.

ரூபன் சிரித்துவைத்தான். சிரித்த கையோடு காலரை இழுத்துக் காதை மூடிக்கொண்டான். கோதுமை அறுத்த மேடுகள் நாலா பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. நவம்பர் காற்று அவற்றின் மேல் ஏறி இறங்கி, கடைசியில் துணை மின்நிலையத்தின் கம்பி வேலிக்குள் புகுந்து ஊளையிட்டது. இந்த இடத்தில் ஆவி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று அவனுக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் மேடம் ஆயுசுக்கும் அதை வைத்தே கிண்டல் செய்வார்.

ஹாரியட் இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் மின்நிலையங்களுக்கு ரிலே அமைத்துக் கொடுத்தவர். கம்பியில் கோளாறு என்றால் எப்போது மின்சாரத்தைப் பிரிப்பது, எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்கிற பெட்டிதான் ரிலே. இப்போது அந்தப் பெட்டிகள் செய்யும் தப்பு தண்டாக்களைத் துப்பறிவது அவர் பிழைப்பு. ரூபன் முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் நொறுங்கிய கார்களுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தவன். அவன் வேலை வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, மேடம் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவது மட்டும் இன்னும் கைவரவில்லை.

கட்டுப்பாட்டு அறையின் வாசலுக்கு வெளியே மின் வாரியத்தின் ரிலே பொறியாளர் தெஸ்ஸா ரைன்ஹார்ட் நின்றிருந்தாள். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. உள்ள எதையும் தொடக் கூடாது" என்றாள்.

"தொடாதே. நில்லு, போதும்."

"நிக்கவும் முடியல மேடம்."

கதை சின்னதுதான். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் லைன்மேன் டேல் ஹாஸ்கின்ஸ், தூரத்தில் ஒரு கம்பத்தில் பழுது பார்க்க ஏறினான். அவன் ஏறுவதற்கு முன் தெஸ்ஸா இந்த அறையில் பிரேக்கரை, அதாவது லைனுக்கு மின்சாரம் விடுகிற பெரிய சுவிட்சைப் பிரித்து, மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொத்தானுக்கு ஊழியர்கள் வைத்த பேர் டேக். டேக் போட்டுவிட்டால் யார் கேட்டாலும், எது கேட்டாலும் பிரேக்கர் சேரக் கூடாது. டேல் கம்பியைத் தரையோடு கட்டுகிற சங்கிலியை மாட்டக் கையை நீட்டியபோது பிரேக்கர் சேர்ந்தது, கம்பியில் மின்சாரம் பாய்ந்தது. அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

ரிலேயின் நினைவில் டேக் போடப்பட்டிருந்ததும் இருந்தது, பிரேக்கர் சேர்ந்ததும் இருந்தது. எது முதலில் என்பது மட்டும் இல்லை. டேக் இருந்தால் சேராது, சேர்ந்தால் டேக் இருந்திருக்காது. ஆகவே முதலில் அழுத்த மறந்துவிட்டு, அப்புறம் பதறிப்போய் அழுத்தியிருக்கிறாள் என்று மின் வாரியம் முடிவு கட்டியது. நாளைக் காலையில் வாரியக் கூட்டம். வேலை போகும். அதோடு நிற்காது, அரசு வழக்கறிஞர் கைக்கும் போகும்.

"நீ அழுத்தினதா இல்லையா?" என்று கேட்டார் ஹாரியட்.

தெஸ்ஸா தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தாள். "முதல் வாரம் கேட்டிருந்தா சத்தியம் பண்ணியிருப்பேன். இப்ப தெரியல மேடம். நெனச்சு நெனச்சு அழிஞ்சுபோச்சு. தினமும் சாயங்காலம் இங்க வந்து வெளியவே நிக்கறேன். டேல்தான் வந்து என்கிட்ட பதில் கேக்கறான்னு தோணுது."

"மத்தவங்க ஆல்வின்னு சொல்றாங்களே" என்றான் ரூபன். ஆல்வின் ஸ்டோக்கெ இந்த வாரியத்தின் பழைய பொறியாளர். ரிலேக்கெல்லாம் படம் போட்டவர். இரண்டு வருஷம் முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார்.

"டேல் வந்தா பிரிச்சுவிட்டுட்டுப் போவான், சேர்த்துவிட மாட்டான்னு சொல்றாங்க. சேர்க்கணும்னா பெட்டியை அமைச்சவர்தான் வரணுமாம்."

ரூபன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வேலிக் கதவின் மேல் இருந்த விளக்கு தானாக எரிந்தது. அடுத்த கணம் முற்றத்தில் தடால் என்று ஒரு சத்தம் விழுந்தது.

பிரேக்கர் சேர்ந்துவிட்டது. அறைக்குள் ஹாரியட்டைத் தவிர யாரும் இல்லை, அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். ரிலேயின் முகப்பில் மஞ்சள் விளக்கு, டேக் போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அசையாமல் எரிந்தது. ரூபன் ஓரடி பின்னால் நகர்ந்தான். தெஸ்ஸா கண்களை மூடிக்கொண்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"டேல் போனதுலேர்ந்து தினமும் இப்படித்தானா?" என்று ஹாரியட் கேட்டார்.

"ஆமா. அந்த லைனை அன்னைக்கே கம்பத்துக்கிட்ட கழட்டிட்டாங்க, அதனால யாருக்கும் ஆபத்தில்ல. காலையில வந்து பிரிச்சு வைப்பாங்க. டேக் போட்டு வச்சாலும் சாயங்காலம் சேர்ந்துடும். இது அப்புறம் வந்த கோளாறு, அன்னைக்கு நடந்தது என் தப்புதான்னு வாரியம் சொல்லுது. இப்ப காலையில வரவும் ஆளுங்க பயப்படறாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒரு நாளும் இல்ல."

"முன்னாடி அது எப்பவும் சேர்ந்தேதானே இருந்தது?"

தெஸ்ஸா கண்ணைத் திறந்தாள். "ஆமா. அது ஊருக்குக் கரண்ட் கொடுக்கற லைன். பிரிக்கவே மாட்டாங்க."

"சேர்ந்திருக்கற கதவை ஆவி வந்து சாத்தினா யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு ஹாரியட் வெளியே வந்து விளக்கை அண்ணாந்து பார்த்தார். "இதுக்கு எங்கேருந்து கரண்ட் வருது?"

"உள்ள இருக்கற பேட்டரியிலேர்ந்து. இருட்டினா தானா எரியும். பேட்டரி பழசு மேடம், விளக்கு எரிஞ்சதும் ரிலே ஒரு தடவை அணைஞ்சு எழுந்திருக்கும். மாத்தணும்னு எழுதிக் கேட்டிருக்கேன்."

"ஆக நம்ம ஆவி தூங்கி எழுந்த முகத்தோட வேலை செய்யுது" என்றார் ஹாரியட். "படத்தைக் காட்டு."

வண்டிக்குள் உட்கார்ந்து தெஸ்ஸா லேப்டாப்பைத் திறந்தாள். இந்தக் காலத்து ரிலேக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாகவே போட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கோடு. மௌஸால் இழுத்து வைத்துக் கோட்டை மாட்டினால் முடிந்தது. லைன் செத்துக் கிடக்கிறதா, இந்தப் பக்கம் மின்சாரம் இருக்கிறதா, இரண்டுக்கும் ஆமாம் என்றால் வலது பக்கத்தில் 'சேர்' என்கிற கட்டத்துக்குப் போகும். அதற்குக் கீழே 'டேக்' கட்டம் உட்கார்ந்து, கூடாது என்று சொல்லும். இரண்டு பக்கமும் சரிசமமாக, கோலம் போட்டதுபோல் இருந்தது.

ஹாரியட் வெகு நேரம் பார்த்தார். "இது ஆல்வின் போட்டதா?"

"அவர்தான். அவருக்கப்புறம் யாரும் தொடலை. நான் வேலைக்கு வந்ததே அவர் போனதுக்கு அப்புறம்தான். அதிகாரி க்ளென் ஃபரிஸ் இதையும் ஆல்வின் விட்டுப்போன பழைய படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாரு. பழைய படத்துல எந்தக் கட்டத்துலேர்ந்து எந்தக் கட்டத்துக்குக் கோடு போகுதோ அதேதான் இதுலயும். ஒரு வித்தியாசமும் இல்லன்னு கம்ப்யூட்டரே சொல்லுது."

"எனக்கு ஆல்வினைத் தெரியும். அவர் படம் போட்டா கோழி கிளறின மாதிரி இருக்கும். கூட்டங்கள்ல அதைத் திரையில போட்டுச் சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பாரு. இவ்வளவு அழகா ஒரு படம் அவர் வாழ்நாள்ல போட்டிருக்க மாட்டாரு."

"செத்ததுக்கப்புறம் நிதானமா உக்காந்து போட்டிருப்பாரோ?" என்றான் ரூபன்.

ஹாரியட் சிரிக்கவில்லை. 'டேக்' கட்டத்தில் விரலை வைத்தார். அது மட்டும் கறுப்பு நிறம். "இதுக்கு ஏதாவது பேர் வச்சிருக்காங்களா?"

"காக்கைன்னு சொல்வாங்க. ஏன்னு தெரியல. கறுப்பா இருக்கறதாலன்னு நெனச்சேன்."

"இங்க பக்கத்துல ஆல்வினோட பழைய ஆளுங்க எல்லாம் ஒரே இடத்துல கிடைப்பாங்களா?"

தெஸ்ஸா தயங்கினாள். "இன்னைக்கு கிரேஞ்ச் ஹால்ல சாப்பாடு. டேல் பசங்களுக்காகப் பணம் திரட்டறாங்க. ஊரே அங்கதான் இருக்கும். நான் வரல மேடம்."

"நீ வந்தே ஆகணும். உன் வண்டியில சோதனைக்கு வச்சிருக்கற ரிலே இருக்கு இல்ல? அதையும் எடுத்துக்கோ."

"வேலை இல்லாதவ கையில ரிலே எதுக்கு?"

"நாளைக்குக் காலை வரைக்கும் இருக்கு" என்றார் ஹாரியட்.

விவசாயிகள் சங்கக் கூடமான கிரேஞ்ச் ஹாலின் கதவைத் திறந்ததும் பயறு போட்ட சில்லிக் குழம்பின் காரமும், பட்டை போட்ட இனிப்பு ரொட்டியின் வாசனையும் முகத்தில் அடித்தன. காரத்தில் ஒரு வாய், இனிப்பில் ஒரு கடி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம். நீள மேசைகள் நிறைந்திருந்தன. தெஸ்ஸா உள்ளே கால் வைத்ததும் பேச்சு அடங்கியது. கரண்டிகள் கிண்ணத்தில் படும் சத்தம்கூட நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரூபனுக்கு இருந்தது.

பரிமாறும் மேசைக்குப் பின்னால், அகப்பையோடு நின்ற அம்மாள்தான் மார்னி ஸ்டோக்கெ, ஆல்வினின் மனைவி. அவர்தான் முதலில் பேசினார்.

"தெஸ்ஸா, குளிர்ல நிக்காத. கதவைச் சாத்திட்டு வா. சாப்டியா?"

"பசிக்கல மார்னிம்மா."

"பசிக்குதான்னு நான் கேக்கல" என்று சொல்லி ஒரு கிண்ணத்தை நிரப்பி நீட்டினார். தெஸ்ஸா அதை வாங்கிக்கொண்டாள்.

மார்னியின் தலைக்கு மேலே, சுவரை அடைத்துக்கொண்டு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தொங்கியது. ரூபன் அதை அழகுக்காகத்தான் பார்த்தான். நீலத் துணியில் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்த துண்டுகள், சதுரத்துக்குச் சதுரம் மஞ்சள் நூலில் கோடுகள். வலப்பக்கத்தில் ஒரு பெரிய பச்சைத் துண்டு, அதன் கீழே ஒரு கறுப்புத் துண்டு. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கால் மணி நேரத்துக்கு முன் லேப்டாப்பில் பார்த்தது என்று உறைத்தபோது அவன் வாயிலிருந்த ரொட்டி இறங்க மறுத்தது.

"மேடம், போர்வையிலயும் வந்திருக்காரு" என்று கிசுகிசுத்தான்.

"பார்த்துட்டேன். வாயை மூடிக்கிட்டு ஒரு கட்டுக் காகிதத் தட்டு வாங்கிட்டு வா."

லைன்மேன்கள் மேசையின் தலைமாட்டில் க்ளென் ஃபரிஸ் உட்கார்ந்திருந்தார். ஆல்வினோடு முப்பது வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டியவர். அவர் கண்களைப் பார்த்தால் டேல் இறந்த நாளிலிருந்து தூங்கவில்லை என்று தெரிந்தது. தெஸ்ஸாவை நீக்கச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"க்ளென், வேலை பேச வரல. ஒரு விளையாட்டு" என்று ஹாரியட் அவர் முன்னால் ஒரு வெறும் தட்டை வைத்தார். தட்டின் நடுவில் கிண்ணத்திலிருந்து ஒரு பயறை எடுத்து வைத்தார். "இந்தத் தட்டுதான் ஆல்வினோட படம். வலது ஓரத்துல 'சேர்' கட்டம். காக்கை எங்க இருக்கும், வச்சுக் காட்டுங்க."

க்ளென் யோசிக்கவே இல்லை. பயறை விரலால் தள்ளித் தட்டின் மேல் விளிம்புக்கு, இடது மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார். மேசையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். டேல் போன பிறகு அந்த மேசையில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"ஒத்தையா அந்த மூலையில உக்காந்திருக்கும்" என்றார் இன்னொரு லைன்மேன். "அங்கேருந்து ஒரு கோடு, பக்கம் முழுக்க எல்லாத்தையும் தாண்டிக்கிட்டு இந்தக் கோடி வரைக்கும் வரும். வேலியில உக்காந்த காக்கைன்னு சொல்வோம்."

ஹாரியட் அடுத்த ஆளுக்குத் தட்டை நகர்த்தினார். அவரும் அதே மூலை. அதற்கடுத்தவரும். ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

"ஏன் அங்க வச்சாருன்னு ஆல்வினைக் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்போமா?" என்றார் க்ளென். "காக்கைதான் முதல்ல பார்க்கணும்னு சொல்லுவாரு. சொல்லிட்டு அவரே சிரிப்பாரு. அவர் ஜோக்கு பாதி யாருக்கும் புரியாது."

"சரி. இப்ப எல்லாரும் தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்க."

ரூபன் போர்வையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் போர்வையின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக இறங்கியது. போர்வையின் இடது மூலையில் வெறும் நீலத் துணிதான் இருந்தது. கறுப்புத் துண்டு வலப்பக்கத்தில், பச்சைக்குக் கீழே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

"அதா?" என்றார் மார்னி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே. "அது நான் சொல்லி மாத்தினது. ஆல்வின் போனதும் அவர் போட்ட படத்தையே போர்வையாத் தைக்கணும்னு ஆசைப்பட்டேன். ஆனா மூலையில ஒத்தக் கறுப்பு இருந்தா போர்வை ஒரு பக்கமா இழுக்கும், கண்ணுக்கு உறுத்தும். பச்சைக்கு ஜோடியா பக்கத்துல கொண்டுவந்துடேன்னு க்ளென்கிட்ட கேட்டேன். என் சமையலறை மேசையிலயே உக்காந்து சரிபண்ணிக் கொடுத்தாரு. ரொம்ப நல்லா வந்தது இல்ல?"

மேசையில் எல்லாரும் க்ளெனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காகிதத்துலயா சரிபண்ணினாரு?" என்று ஹாரியட் மெதுவாகக் கேட்டார்.

"இல்லையே. அவர் கம்ப்யூட்டர்லதான். இழுத்து இழுத்து வச்சாரு. நான் பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் கீழன்னு சொன்னேன்."

க்ளென் எழுந்து நின்றார். "நான் ஒரு கோட்டைக்கூடக் கழட்டலை. கட்டத்தை நகர்த்தினேன், கோடு கூடவே வந்தது. அர்த்தம் மாறல. அப்புறம் வசந்த காலத்துல எல்லா ரிலேக்கும் புதுசா அனுப்பறப்ப அந்தப் படமே போச்சு. போனா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். நானே ஒப்பிட்டுப் பார்த்தேன்."

"கோடு ஒண்ணுதான். நான் ஒத்துக்கறேன்" என்றார் ஹாரியட். "தெஸ்ஸா, ரிலேயை எடு."

மேசையைத் துடைத்து இடம் பண்ணினார்கள். தெஸ்ஸா சோதனை ரிலேயை வைத்து, பிரேக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன விளக்கை மாட்டினாள். ரிலே 'சேர்' என்று சொன்னால் விளக்கு எரியும். வாரியத்தின் படத்தை அதற்குள் அனுப்பினாள். ஊரே சுற்றி நின்றது.

"டேக் போடு" என்றார் ஹாரியட்.

தெஸ்ஸாவின் கட்டைவிரல் மஞ்சள் பொத்தான்வரை போய் அந்தரத்தில் நின்றது. ரூபன் தன் கையை எடுத்து அழுத்திவிடலாமா என்று நினைத்தான். ஹாரியட் கண்ணாலேயே வேண்டாம் என்றார். தெஸ்ஸா அழுத்தினாள். மஞ்சள் விளக்கு வந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"இப்ப கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடு. வேலிக் கதவு விளக்கு பண்ற மாதிரி."

ரிலே அணைந்தது. எழுந்தது. மஞ்சள் விளக்கு வருவதற்கும் முன்னால், மாட்டிவைத்த சின்ன விளக்கு பளிச்சென்று ஒரு சிமிட்டு சிமிட்டி அணைந்தது.

க்ளென் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சிமிட்டு போதும். பிரேக்கர் சேர்ந்துடும்" என்றார் ஹாரியட். "ரிலே படத்தை நாம பார்க்கற மாதிரி மொத்தமாப் பார்க்காது. படிக்கும். மேலேருந்து கீழே, கட்டம் கட்டமா. படிச்சு முடிச்சதும் திரும்ப மேலேருந்து. நாள் முழுக்க அதுதான் வேலை. டேக்கை அது மறக்கல, ஞாபகத்துல பத்திரமா வச்சிருக்கு. ஆனா தூங்கி எழுந்து முதல் தடவை படிக்கறப்ப, காக்கைகிட்ட வந்தாதான் அந்த ஞாபகம் வரும். இந்தப் படத்துல காக்கைக்கு முன்னாடி 'சேர்' வந்துடுது. லைன் செத்துக் கிடக்கு, சேர்க்கலாமான்னு கேக்குது. கூடாதுன்னு சொல்ல வேண்டியவன் இன்னும் வாயைத் திறக்கல. சேர்த்துடுது. ரெண்டாவது தடவை படிக்கறப்ப எல்லாம் சரியாயிடும். அதுக்குள்ள டேல் போயிட்டான்."

அவர் தெஸ்ஸாவிடம் லேப்டாப்பைத் தள்ளினார். "கோட்டைத் தொடாத. கட்டத்தை மட்டும் ஆல்வின் வச்ச இடத்துல வை."

கறுப்புக் கட்டம் மௌஸோடு மேலே ஏறி, இடது மூலைக்குப் போய் ஒற்றையாக உட்கார்ந்தது. அதன் கோடு மற்ற எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு பக்கம் முழுக்க நீண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. தெஸ்ஸா அதை ரிலேக்கு அனுப்பினாள். அணைத்தாள், எழுப்பினாள். சின்ன விளக்கு எரியவில்லை. மறுபடி அணைத்தாள், எழுப்பினாள். எரியவில்லை. யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள். ஹாரியட் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நான் அழுத்தினேன்" என்றாள் தெஸ்ஸா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னாள்.

க்ளென் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷம் அந்தக் காக்கையைக் கிண்டல் பண்ணினேன்" என்றார். "தெஸ்ஸா, நாளைக்கு வாரியத்துல நான் எழுந்து சொல்றேன். என் வாயாலயே சொல்றேன். உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கற யோக்கியதைகூட எனக்கு இல்ல."

தெஸ்ஸா தலையை ஆட்டினாள். சரி என்றா வேண்டாம் என்றா, ரூபனுக்குப் புரியவில்லை.

மார்னிதான் கடைசியில் கேட்டார். எல்லாரும் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. "அப்ப இந்தப் போர்வைக்காகவா டேல் போனான்?"

பூசி மெழுகுவது ரூபனின் தொழில். பேட்டரி பழசும்மா என்று ஆரம்பிக்கப் போனான். ஹாரியட் அவனை முந்திக்கொண்டார். "ஆமா. உங்க ரெண்டு பேருக்கும் ஆல்வின் மேல இருந்த பிரியத்துல இது நடந்தது. யாரும் கெட்டது நெனைக்கல. ஆனா நடந்தது இதுதான். வேற மாதிரி சொன்னா அது உங்களுக்கு மரியாதை இல்ல."

மார்னி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் போர்வையைக் கழற்றினார். மேசையில் விரித்து, ஏப்ரன் பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். கறுப்புத் துண்டின் முதல் தையலில் கத்தியை வைத்தபோது துணி நழுவிக்கொண்டே போனது. தெஸ்ஸா சில்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தையலாக அறுந்தது.

திரும்பும் வழியில் மேட்டின் மேல் வேலிக் கதவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரேக்கர் சாயங்காலம் சேர்ந்தபடியே கிடந்தது. க்ளென் அனுமதி கொடுத்திருந்தார். புதுப் படம், அதாவது பழைய படம், லேப்டாப்பில் தயாராக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாள் தெஸ்ஸா.

"கூட வரட்டுமா?" என்று ரூபன் கேட்டான். உள்ளே போக அவனுக்கு இன்னும் கொஞ்சம் கலக்கம்தான். ஆனாலும் கேட்டான்.

"வேண்டாம்."

அவள் நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். அப்புறம் தாண்டி உள்ளே போனாள். பிரேக்கர் பிரியும் சத்தம் கேட்டது. மஞ்சள் விளக்கின் வெளிச்சம் ஜன்னலில் தெரிந்தது. பிறகு ரிலேயை அணைத்து எழுப்பினாள் போலிருக்கிறது, மஞ்சள் வெளிச்சம் போய்த் திரும்ப வந்தது. ரூபன் தடால் என்கிற சத்தத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். காற்றுதான் கேட்டது. அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். காற்றுதான்.

தெஸ்ஸா வெளியே வந்து படியில் நின்றாள்.

"வரல" என்றாள்.

"அதான் சரி பண்ணியாச்சே. இனிமே ஆல்வின் நிம்மதியாத் தூங்குவாரு" என்றான் ரூபன்.

"ஆல்வின் இல்ல. டேல்." அவள் படியில் உட்கார்ந்தாள். "தினமும் வந்துக்கிட்டு இருந்தான். திட்டறதுக்காவது வரான்னு இருந்தது. இனிமே வரமாட்டான் இல்ல?"

அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று ஊரே அவளைப் பேசியிருந்தது. அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஹாரியட் வண்டியிலிருந்து இறங்கி வந்து, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ரூபன் பிளாஸ்கைத் திறந்து மூன்று பேருக்கும் காபி ஊற்றினான்.